குண்டின் வேகத்தை அளந்தவர்

பணி ஓய்வுக்குப் பின் நான் குடியிருக்கும் இடையஞ்சாவடியிலிருந்து வடக்கே சென்றால் மரக்காணம் உப்பளங்கள். தெற்கே புதுச்சேரியைக் கடந்தால் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம். அங்குள்ள புனித டேவிட் கோட்டையின் எச்சங்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். துப்பாக்கிக் குண்டின் வேகத்தை முதன்முதலில் நம்பத்தக்க முறையில் அளந்து காட்டிய பெஞ்சமின் ராபின்ஸ் அந்தக் கோட்டையில்தான் உயிர்விட்டார் என்பதை மட்டும் வெகுகாலம் அறியாதிருந்தேன்.

அந்தக் கோட்டைக்கும் குண்டுக்கும் உள்ள உறவு ராபின்ஸுக்கு முந்தையது. 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியரிடமிருந்து கோட்டையை விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவே எல்லை என்று ஒப்பந்தமாயிற்று. பீரங்கி முழங்கியது, குண்டு எட்டிய தொலைவுக்கு உட்பட்ட ஊர்கள் எல்லாம் கம்பெனியின் உடைமையாயின. அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வழங்கிற்று. குண்டு எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை அன்று யாராலும் முன்கூட்டிச் சரியாகக் கணித்திருக்க முடியாது.

அந்தக் கணக்கைத் தேடப் புறப்பட்டவர், 1707-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் எளிய குவேக்கர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். போரையும் ஆயுதத்தையும் மறுக்கும் சமயப் பிரிவு அது. கணிதத்தைப் பெரும்பாலும் தாமே கற்ற ராபின்ஸ், இருபது வயதிலேயே ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். உல்விச் ராணுவக் கல்விக்கூடத்தில் பேராசிரியர் பதவிக்கு முயன்று தோற்றார். ஆயினும் 1742-இல் அவர் வெளியிட்ட பீரங்கியியலின் புதிய கோட்பாடுகள் என்ற நூல், பதவி பெற்றவர்கள் எவரும் செய்யாததைச் செய்தது.

எறியப்பட்ட பொருள் பரவளையப் பாதையில் செல்லும் என்று கலிலியோ நிறுவியிருந்தார். காற்றின் தடை அற்பமானது என்று தள்ளிவிட்டு, அந்த வளைவைக் கொண்டே பீரங்கிப் படையினர் அட்டவணைகள் வகுத்தனர். ராபின்ஸ் அட்டவணையை நம்பவில்லை, அளந்து பார்த்தார்.

அவருடைய கருவி எளிமையானது. இரும்புச் சட்டத்தில் பொருத்திய மரக்கட்டையை ஊசலாகத் தொங்கவிட்டார். அதன் மொத்த எடை சுமார் 56 ராத்தல். குண்டு கட்டையில் புதையும்போது ஊசல் பின்னோக்கி நகரும். அத்துடன் இழுபடும் ஒரு நாடா நகர்வின் அளவைக் காட்டும். குண்டின் எடை, ஊசலின் எடை, நகர்வு ஆகியவற்றிலிருந்து நியூட்டனின் விதிகளைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். வினாடிக்கு 1,600 அடிக்கும் மேற்பட்ட வேகங்கள் கிடைத்தன. கண்ணுக்குப் புலப்படாத ஒன்றை மரக்கட்டையும் நாடாவும் எண்ணாக்கித் தந்தன.

ஊசலை வெவ்வேறு தொலைவுகளில் வைத்துச் சுட்டபோது காற்றின் தடை வெளிப்பட்டது. முழு மருந்திட்டுச் சுட்ட 24 ராத்தல் பீரங்கிக் குண்டின் மீது காற்று செலுத்தும் எதிர்விசை, குண்டின் எடையைப் போல இருபது மடங்குக்கும் மேல் என்று அவர் கணக்கிட்டார். அற்பம் என்று ஒதுக்கப்பட்டதே முதன்மையானதாக இருந்தது. காற்றின் ஈரம் வெடிமருந்தின் வலிமையைக் குறைப்பதையும் குறித்துவைத்தார்.

ஒரே துப்பாக்கி, ஒரே அளவு மருந்து, ஒரே எடைக் குண்டு. ஆயினும் குறி ஏன் விலகுகிறது? மெல்லிய தாள்களை வரிசையாக நிறுத்திச் சுட்டு, குண்டின் பாதையை ஆராய்ந்தார். குழலின் சுவரில் உரசும் குண்டு தாறுமாறாகச் சுழன்று வெளிவருவதே விலகலுக்குக் காரணம் என்று கண்டார். உட்புறம் திருகுவரி வெட்டிய குழல் அந்தச் சுழற்சியை ஒழுங்குபடுத்தும் என்று 1747-இல் விளக்கினார். அத்தகைய துப்பாக்கியில் தேர்ச்சி பெறும் நாடு மற்றவற்றை விஞ்சும் என்ற அவருடைய கணிப்பு, நூறாண்டு கழித்து மெய்யாயிற்று. துல்லியச் சுடுதலுக்கென இன்று தாமே தோட்டா தயாரிப்பவர்கள் மருந்தை நுண்தராசில் நிறுத்து, ஒவ்வொரு குண்டின் வேகத்தையும் பதிவு செய்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கிறார்கள். அந்த ஒழுக்கத்தின் தொடக்கம் இங்கேதான்.

1745-இல் மாமேதை ஆய்லர் அவருடைய நூலை விரிவான உரையுடன் ஜெர்மனில் பெயர்த்தார். 1746-இல் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் கிடைத்தது. இளம் பீரங்கிப் படை அதிகாரியாக இருந்த நெப்போலியனும் பின்னாளில் அந்நூலைப் பயின்றான்.

அதே 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானது. 1748-இல் ஆங்கிலேயரின் புதுச்சேரி முற்றுகை தோல்வியுற்றது. சென்னை திரும்பக் கிடைத்ததும், கோட்டைகளைச் செப்பனிடக் கம்பெனி ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக நியமித்தது. வானியல் கருவிகளுடன் 1750 ஜூலையில் வந்திறங்கினார். சென்னைக்கும் கடலூருக்கும் திட்டங்கள் வகுத்தார். சில வாரங்களிலேயே காய்ச்சல் பற்றியது. தேறினார், மீண்டும் நலிந்தார். 1751 ஜூலை 29-இல், 44 வயதில் மறைந்தார். அடுத்த சில வாரங்களில் கிளைவ் ஆற்காட்டைக் கைப்பற்றினான். ராபின்ஸ் பலப்படுத்த வந்த கோட்டையை 1758-இல் பிரெஞ்சுக்காரர் தகர்த்தனர்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருளியல் வகுப்பை, மற்றவை மாறாதிருந்தால் என்று சொல்லித் தொடங்கியவன் நான். நாங்கள் ஒதுக்கிவைத்த அந்த மற்றவை பலநேரங்களில் ராபின்ஸின் காற்றைப் போல இருபது மடங்காக எதிர்த்து நின்றதுண்டு. வளைவு அழகாயிருந்தால் மட்டும் போதாது, அளந்து பார்க்க வேண்டும் என்பது அவரிடம் நான் காலந்தாழ்ந்து கற்ற பாடம்.

ஆனால், அவரை வணங்கிவிட்டு நகர மனம் ஒப்பவில்லை. போரை மறுத்த குடும்பத்தின் பிள்ளை பெற்ற அறிவு, ஊர்களை விலைக்கு வாங்கிய ஒரு வணிக நிறுவனத்தின் கணக்கில் சேர்ந்தது. குண்டு விழுந்த ஊர்களில் வாழ்ந்தவர்களின் சம்மதத்தை 1690-இல் எவரும் கேட்கவில்லை. அறுபது ஆண்டுகளில் குண்டைப் பற்றிய அறிவு துல்லியமானது. அந்த மக்களைக் கேட்கும் வழக்கம் மட்டும் வரவில்லை. ஓர் அளவீடு எவ்வளவு சரியானது என்று கேட்கும் நாம், அது யார் கையில், யார் மீது பயன்படுகிறது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.