காற்றின் மீது ஊர்ந்த டன்லப்

வண்டியின் பாரத்தைச் சுமப்பது எது என்று கேட்டால், டயரின் இரப்பர் என்றே பலரும் விடை கூறுவர். இரப்பர் வெறும் உறைதான். சுமையைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்று! இதனை உலகம் கைக்கொள்ளும்படி செய்தவர் ஜான் பாய்ட் டன்லப். இயற்பியல் பயிலும் எனக்கு அவர்மீது தனி ஈடுபாடு உண்டு. அவர் பொறியியல் கற்றவரல்லர், கால்நடை மருத்துவர்.

1840ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள், ஸ்காட்லாந்தின் ட்ரெகார்ன் என்னும் ஊரில் பிறந்த டன்லப், 1867இல் அயர்லாந்துக்குச் சென்று, பின்னர் பெல்ஃபாஸ்ட் நகரில் குடியேறினார். கல் பாவிய தெருக்களில் அவருடைய மகனின் மூன்று சக்கர மிதிவண்டி கடகடவெனக் குலுங்கியது. கெட்டி இரப்பர்ச் சக்கரத்தால் அதிர்ச்சியைத் தணிக்க இயலவில்லை. 1887இல் அவர் மெல்லிய இரப்பர்க் குழாயில் காற்றடைத்து, மரவட்டில் பொருத்தித் துணியால் போர்த்தினார். முற்றத்தில் உருட்டிப் பார்த்தபோது, பழைய சக்கரம் பாதியில் சாய்ந்தது. காற்றுச் சக்கரமோ நெடுந்தூரம் ஓடியது.

1888 டிசம்பரில் காப்புரிமை கிட்டியது. பருத்த டயரைக் கண்டு நகைத்தோர் பலர். 1889 மே மாதம் பெல்ஃபாஸ்ட் பந்தயத்தில் வில்லி ஹியூம் அந்த டயர்களோடு வென்றதும் நகைப்பு அடங்கிற்று. அவ்வாண்டே நிறுவனமும் தோன்றியது.

ஆனால் விதி வேறு கணக்குப் போட்டது. இராபர்ட் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845இலேயே காற்றுச் சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். இதனால் டன்லப்பின் உரிமை செல்லாததாயிற்று. 1895இல் அவர் நிறுவனத்தை விட்டு விலகினார். பெயர் டயரில் நின்றது. பெருஞ்செல்வம் பிறர் கைக்குப் போயிற்று.

அதே 1895இல் பாரிஸ்–போர்டோ–பாரிஸ் பந்தயத்தில் மிஷ்லின் சகோதரர் காற்று டயர் பூட்டிய மோட்டார் காரை ஓட்டினர். வழிநெடுகப் பஞ்சர்! எனினும் மோட்டார் காருக்கும் காற்றே துணை என்பது பிற்காலத்தில் உறுதியாயிற்று. வேகம் பெருகப் பெருக, காற்றின் அளவும் ஒரு கலையாயிற்று.

காற்று குறைந்தால் டயரின் பக்கச் சுவர் ஓயாது வளைந்து சூடேறும். மிகுவேகத்தில் வெடிக்கவும் கூடும். மிகுந்தாலோ நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, சாலையைப் பற்றும் பரப்பு சுருங்கும். சதுர அங்குலத்திற்கு 32 பவுண்டு அழுத்தம் காட்டும் டயரின் வெப்பம் 27 டிகிரி செல்சியஸிலிருந்து 57 டிகிரிக்கு ஏறினால், அழுத்தம் 36ஐத் தாண்டிவிடும். நம் வகுப்பில் படிக்கும் வாயு விதிதான் இது! ஆகவேதான் காரின் கதவோரம் குறித்துள்ள அளவை, வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயரில் காற்றை இறக்கினால், ஆறிய பின் குறைந்துபோகும். பந்தயக் காருக்கோ, ஏறப்போகும் வெப்பத்தைக் கணக்கிட்டு முன்கூட்டியே குறைத்து அடைப்பர்.

டன்லப் 1921 அக்டோபர் 23இல் டப்ளினில் மறைந்தார். தாம்சன் முந்தியவர் என்பதால் டன்லப்பின் புகழ் குறையுமா? குறையாது என்பதே என் துணிபு. தாம்சனின் காலத்தில் அச்சக்கரத்தை வேண்டிய வண்டிகள் பெருகவில்லை. டன்லப்போ தம் மகனின் தேவையைக் கண்டு, தம் கையாலேயே செய்து, ஓட்டியும் காட்டினார். ஆய்வுக்கூடத்தில் நாம் எழுதும் விதிகளும் ஒருவர் துன்பத்தைத் தணிக்கும்போதே உயிர் பெறுகின்றன அன்றோ!