உழவரின் கையில் ஒரே ஸ்பேனர்

மாஸி பெர்குசன் டிராக்டரை உங்களுக்குத் தெரியும். அந்தப் பெயருக்கு உரியவர் ஹாரி பெர்குசன். 1884-ல் அயர்லாந்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்.

முதல் உலகப் போரின்போது, டிராக்டர் உழவை மேம்படுத்த அரசு அவரை ஊர் ஊராக அனுப்பியது. அக்காலத்தில் கலப்பையை டிராக்டரின் பின்னால் வெறுமனே கோர்த்து இழுத்தனர். கொழு பாறையில் மாட்டினால் டிராக்டரின் முன்பக்கம் தூக்கி, பின்புறமாகக் கவிழும். ஓட்டியவர் அடியில் நசுங்குவார். இந்த ஆபத்தைக் குறைத்தது பெர்குசன் உருவாக்கிய மும்முனை இணைப்பும் ஹைட்ராலிக் கட்டுப்பாடும். இன்று உங்கள் டிராக்டரின் பின்னால் இருப்பதும் அதுவே.

1946-ல் வந்த அவரது டிஇ20 சிறிய டிராக்டருடன் ஒரு ஸ்பேனரும் கிடைத்தது. கருவிகளின் பெரும்பாலான நட்டுகளுக்கு அது பொருந்தும். அளக்க அங்குலக் கோடுகளும் உண்டு. மெக்கானிக்குக்குக் காத்திராமல் உழவரே வயலில் சரிசெய்துகொள்ள முடிந்தது. 1960-ல் பெர்குசன் மறைந்தார்.

வாரம் ஒருமுறை கருவியைத் தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்துவிட்டு, டாப் லிங்க் பின்கள் தேய்ந்துள்ளனவா, பூட்டுப் பின்கள் இருக்கின்றனவா, ஹைட்ராலிக் எண்ணெய் போதுமா என்று பாருங்கள். சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்க டாப் லிங்க் இடத்தில் சங்கிலி கட்டாதீர்கள். டிராபாரில் மட்டும் கட்டுங்கள். மேலே கட்டினால், பெர்குசன் கண்ட அதே விபத்து உங்கள் வயலிலும் நடக்கும்.