இரும்புக் குண்டுகள் மேல் வீடு கட்டிய ஜான் மில்ன்

2001-ம் ஆண்டு செப்டம்பர் 25-ந் தேதி. இரவு எட்டரை மணி இருக்கும். புதுச்சேரியில் திடீரென்று தரை ஆடியது. முத்தியால்பேட்டையிலும் அந்த ஆட்டம் தெரிந்தது. பாத்திரங்கள் கலகலத்தன. ஜனங்கள் பயந்துபோய் தெருவுக்கு ஓடி வந்தார்கள்.

புதுவைக் கடலுக்கு அடியில் உண்டான பூகம்பம் அது. அளவு 5.5. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது.

பூகம்பத்தில் உயரமான பீரோ ஆடும். பக்கத்தில் இருக்கும் குட்டையான பெட்டி பேசாமல் இருக்கும். இது ஏன்? நூறு வருஷத்துக்கு முன்பே இதை அளந்து பார்த்தவர் ஜான் மில்ன். இங்கிலாந்துக்காரர்.

கப்பலுக்குப் பயம்

மில்ன் 1850-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி லிவர்பூலில் பிறந்தார். சுரங்கப் படிப்புப் படித்தார். டோக்கியோ இன்ஜினீயரிங் கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைத்தது.

ஜப்பானுக்குக் கப்பலில் போவதுதான் வழக்கம். மில்னுக்கோ கப்பல் ஏறினால் தலை சுற்றும். ஆகவே ரஷ்யா, சைபீரியா, மங்கோலியா, சீனா என்று தரை வழியாகவே போனார். பனியில் சறுக்கு வண்டி, பாலைவனத்தில் ஒட்டகம். ஏழு மாதம் ஆயிற்று! கடைசிக் கடலைக் கப்பலில் கடந்து, 1876-ல் டோக்கியோ சேர்ந்தார். போன அன்று இரவே பூகம்பம் அவரை வரவேற்றது.

1880-ல் யோகோஹாமா நகரம் குலுங்கியது. அதன் பிறகு மில்னுக்கு வேறு நினைப்பே இல்லை. பூகம்ப ஆராய்ச்சிக்கென்று ஒரு சங்கம் கண்டார். தரையின் ஆட்டத்தைக் கோடு போட்டுக் காட்டும் கருவியை, யூவிங், கிரே என்ற இரண்டு நண்பர்களோடு சேர்ந்து உருவாக்கினார்.

தோனே என்ற ஜப்பானியப் பெண்ணை மணந்தார். ஹகோடடே நகரத்துப் புத்தமடத் தலைவரின் மகள் அவர்.

ஆடும் விளக்கு

அப்போது ஜப்பானில் கலங்கரை விளக்கங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. பூகம்பத்தில் விளக்கு உடைந்தால் கப்பல்களின் கதி என்ன? ஸ்காட்லாந்து இன்ஜினீயர் டேவிட் ஸ்டீவன்சன் ஒரு யோசனை செய்தார். விளக்கு மேஜையை உலோகக் குண்டுகள் மேல் வைத்தார். தரை ஆடினாலும் விளக்கு ஆடாது என்பது கணக்கு.

ஆனால் விளக்கைத் துடைக்கப் போனாலே மேஜை ஆடியது! காவல்காரர்களுக்குப் பெரிய தொல்லை. கடைசியில் அதை முடுக்கி, ஆடாமல் நிறுத்திவிட்டார்கள்.

மில்ன் ஒரு வீட்டையே குண்டுகள் மேல் நிறுத்திப் பார்த்தார். சிறிய மர வீடு. அடியில் 10 அங்குல இரும்புக் குண்டுகள். காற்று அடித்தது, வீடு நகர்ந்தது. குண்டுகளை 8 அங்குலமாக்கினார். பிறகு 1 அங்குலம். கடைசியில் கால் அங்குல ரவைக் குண்டுகள்! அப்போதுதான் வீடு காற்றுக்கு அசையாமல் நின்றது. பூகம்ப அதிர்ச்சியும் உள்ளே குறைந்தது.

1891-ல் மத்திய ஜப்பானில் பெரிய பூகம்பம். 7 ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். புதிய செங்கல் கட்டடங்கள் விழுந்தன. இரும்பு ரயில் பாலமும் சரிந்தது. மில்ன் அங்கே போய் இடிபாடுகளை ஆராய்ந்தார்.

அதன் பிறகு ஓமோரி என்ற ஜப்பானிய அறிஞருடன் இன்னொரு சோதனை. செங்கல் தூண்களைக் கட்டி, அடியைப் பிடித்து ஆட்டினார்கள். பஸ் சட்டென்று புறப்பட்டால் நிற்கிறவர் பின்னால் சாய்கிறார் அல்லவா? தூணும் அப்படித்தான். கால் நகர்கிறது, தலை பின்தங்குகிறது. உயரம் அதிகம், அடி குறுகல் என்றால் சீக்கிரம் கவிழும்.

மின்சார நிலையங்களில் கருவிகள் அடங்கிய இரும்பு அலமாரிகளுக்கும் இதே ஆபத்துதான். ஆகவே அவற்றின் அடியைப் போல்ட் போட்டுத் தரையோடு பிணைக்கிறார்கள். தலையைச் சுவரோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். கனமான சாமான் கீழ்த்தட்டில். கதவு தானாகத் திறக்காதபடி உறுதியான தாழ். வீட்டுப் பீரோவுக்கும் இது பொருந்தும்; சுவரில் ஓர் இரும்புப் பட்டை போதும். ரொம்ப மென்மையான கருவிகளுக்கு ரப்பர் அல்லது ஸ்பிரிங் மெத்தை. அது மில்னின் ரவைக் குண்டுக்குத் தம்பி என்று சொல்லலாம்.

பெங்களூர் மத்திய மின் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு பெரிய ஆடும் மேடை உண்டு. அதில் இத்தகைய அலமாரிகளை ஏற்றி, பூகம்பம் போலவே குலுக்கிப் பார்க்கிறார்கள்.

தீயில் போன உழைப்பு

1895 பிப்ரவரியில் மில்னின் டோக்கியோ வீடு தீப்பிடித்தது. புத்தகங்கள், குறிப்புகள், கருவிகள் எல்லாம் சாம்பல். ஏறக்குறைய இருபது வருஷ உழைப்பு! வேறொருவராக இருந்தால் மனம் உடைந்திருப்பார்.

மில்ன் மனைவியுடன் இங்கிலாந்து திரும்பினார். வைட் தீவில் குடியேறி, மறுபடியும் கருவி செய்தார். அதே மாதிரிக் கருவிகள் பல நாடுகளுக்குப் போயின. நம் கோடைக்கானல் ஆராய்ச்சி நிலையத்துக்கும் ஒன்று வந்தது. உலகத்தின் எந்த மூலையில் தரை ஆடினாலும் வைட் தீவுக்குச் சேதி வந்தது.

1913-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி மில்ன் காலமானார். தோனே சில ஆண்டுகள் அந்தத் தீவிலேயே இருந்தார். பிறகு ஹகோடடே திரும்பினார்.