மிட்டாய் ஆலையில் இருந்து டாங்கி ஆலைக்கு
டி-34 டாங்கியை உருவாக்கிய கோஷ்கின் கதை

மிட்டாய் ஆலையில் கூலி வேலை பார்த்த ஓர் ஏழைச் சிறுவன், பின்னாளில் ஹிட்லரின் படையைத் திணற அடித்த டாங்கியை உருவாக்கினான். ஆனால், அந்த டாங்கி போர்க்களத்தில் இறங்கியதைப் பார்க்க அவன் உயிரோடு இல்லை.

அந்தச் சிறுவனின் பெயர் மிகயீல் கோஷ்கின்.

ஏழைக் குடும்பம்

கோஷ்கின் 1898-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி, ரஷியாவில் யாரோஸ்லாவல் பகுதியில் உள்ள பிரின்சாகி என்ற கிராமத்தில் பிறந்தார். நிலம் கொஞ்சம், பிள்ளைகள் அதிகம் என்ற விவசாயக் குடும்பம்.

1905-ல் தந்தை இறந்தார். தாய் கூலி வேலைக்குப் போனார். அதுவும் போதவில்லை. சிறு வயதிலேயே கோஷ்கின் பிழைப்பு தேடி மாஸ்கோ நகருக்குப் போனார். அங்கே ஒரு மிட்டாய் ஆலையில் வேலை கிடைத்தது. சர்க்கரைப் பாகு கொதிக்கும் கூடத்தில் அவருடைய இளமை கழிந்தது.

1917-ல் ராணுவத்தில் சேர்க்கப்பட்டுப் போர்முனைக்குப் போனார். அங்கே காயம் அடைந்தார். புரட்சிக்குப் பிறகு செஞ்சேனையில் சேர்ந்து உள்நாட்டுப் போரில் சண்டையிட்டார்.

போர் முடிந்ததும் மாஸ்கோவில் படித்தார். பிறகு வியாத்கா நகரில் ஒரு மிட்டாய் ஆலைக்கே நிர்வாகி ஆனார். கட்சியிலும் பதவி கிடைத்தது. அதோடு திருப்தி அடைந்து அவர் உட்கார்ந்து இருக்கலாம்.

30 வயதில் மாணவர்

ஆனால், அவருக்கு யந்திரங்கள் மீது ஆசை. 1929-ல், 30 வயதில், மனைவி மக்களோடு லெனின்கிராடு நகருக்குப் போய்ப் பொறியியல் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தார். தன்னைவிட இளையவர்களுடன் ஒரே வகுப்பில் அமர்ந்து படித்தார். 1934-ல் பட்டம் பெற்று, டாங்கி வடிவமைப்புப் பணியில் சேர்ந்தார்.

இரண்டே ஆண்டுகளில் பெரிய பொறுப்பு வந்தது. 1936-ம் ஆண்டு இறுதியில், கார்கோவ் நகரில் இருந்த ரெயில் என்ஜின் தொழிற்சாலையின் டாங்கி வடிவமைப்புப் பிரிவுக்கு அவர் தலைவராக நியமிக்கப்பட்டார். அந்த நகரம் இப்போது உக்ரைன் நாட்டில் இருக்கிறது.

அது பயங்கரமான காலம். அவருக்கு முன்பு அந்தப் பதவியில் இருந்தவர் அபனாசி பிர்சோவ். தொழிற்சாலை தயாரித்த டாங்கிகளின் கியர் பெட்டிகள் அடிக்கடி உடைந்ததால் அவர் பதவி இழந்தார். பிறகு கைது செய்யப்பட்டார். தவறு நேர்ந்தால் தன் கதியும் அதுதான் என்பது கோஷ்கினுக்குத் தெரியும்.

சக்கரமா, சங்கிலியா?

அப்போது ரஷிய ராணுவம் பயன்படுத்திய பி.டி. டாங்கிகள் வேகமானவை. சங்கிலிப் பட்டையைக் கழற்றிவிட்டு, சாலையில் வெறும் சக்கரத்தில் கார் போல ஓடும். ஆனால், கவசத் தகடு மெல்லியது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ரஷிய டாங்கிகளைச் சிறு பீரங்கிகளே துளைத்துவிட்டன. பெட்ரோல் என்ஜின் என்பதால் எளிதில் தீப்பிடித்தது.

புதிய டாங்கியும் சக்கரத்தில் ஓடக்கூடியதாக இருக்க வேண்டும் என்று ராணுவ அதிகாரிகள் விரும்பினார்கள். கோஷ்கின் அதை ஏற்கவில்லை. சக்கரத்தை ஓட்டுவதற்கான கனமான கருவிகளை நீக்கினால், அந்த எடைக்குத் தடித்த கவசமும் பெரிய பீரங்கியும் பொருத்தலாம் என்று வாதாடினார்.

கடைசியில் இரண்டு மாதிரிகளையும் செய்து பார்க்க அனுமதி கிடைத்தது. ஏ-20 என்பது சக்கரத்திலும் ஓடும். ஏ-32 என்பது சங்கிலியில் மட்டும் ஓடும். 1939-ல் சோதனை நடந்தது. இரண்டும் நன்றாக ஓடின. ஆனால், இன்னும் எடை தாங்கும் வலிமை ஏ-32 டாங்கிக்கே இருந்தது. கவசத்தை மேலும் தடிப்பாக்க முடிவு செய்யப்பட்டது. 1939 டிசம்பர் 19-ந் தேதி ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. அதுதான் டி-34.

அதன் எடை சுமார் 26 டன். 500 குதிரைசக்தி டீசல் என்ஜின். 76 மில்லி மீட்டர் பீரங்கி. முன்பக்கக் கவசம் 45 மில்லி மீட்டர்தான். ஆனால், அதை நேராக நிறுத்தாமல் நன்றாகச் சாய்த்து வைத்தார்கள். நேராக வரும் குண்டு, சாய்ந்த தகட்டைத் துளைக்க இரண்டு மடங்கு தடிமனைக் கடக்க வேண்டும். பல குண்டுகள் வழுக்கி விலகிவிடும்.

பனியில் ஒரு பயணம்

1940 மார்ச் மாதம் மாஸ்கோவில் தலைவர்களுக்கு டாங்கியைக் காட்ட வேண்டும். அதற்கு முன்பு 2,000 கிலோ மீட்டர் சோதனை ஓட்டம் முடிந்து இருக்க வேண்டும். அது முடியவில்லை. ரெயிலில் ஏற்றினால் கணக்கு நிறையாது.

கோஷ்கின் துணிந்து ஒரு முடிவு எடுத்தார். இரண்டு டாங்கிகளையும் கார்கோவில் இருந்து மாஸ்கோவுக்கு ஓட்டியே கொண்டுபோவது!

தூரம் ஏறத்தாழ 750 கிலோ மீட்டர். உறைய வைக்கும் குளிர். ரகசியம் வெளியே தெரியக்கூடாது என்பதால் ஊர்களையும் பெரிய சாலைகளையும் தவிர்த்து, காட்டிலும் வயலிலும் போனார்கள். தலைவர் என்ற முறையில் அவர் ரெயிலில் போய் இருக்கலாம். அப்படிச் செய்யாமல் தொழிலாளர்களோடு கூடவே போனார். வழியில் ஒரு டாங்கியின் கிளட்ச் கெட்டது. அதைச் சரிசெய்து தொடர்ந்தார்கள்.

மார்ச் 17-ந் தேதி கிரெம்ளின் மாளிகை வளாகத்தில் ஸ்டாலின் முன்னிலையில் இரண்டு டாங்கிகளும் ஓடிக்காட்டின. தயாரிப்புக்கு உத்தரவு கிடைத்தது. அன்றே கோஷ்கினுக்குக் கடும் சளியும் இருமலும் இருந்தன.

இருந்தும் திரும்பும்போதும் டாங்கிகளோடுதான் வந்தார். ஓரெல் நகருக்கு அருகே ஒரு டாங்கி தண்ணீரில் சிக்கியது. அதை வெளியே இழுக்கும் வேலையில் அவரும் இறங்கினார். பனி நீரில் உடல் நனைந்தது. நிமோனியா காய்ச்சல் கண்டது.

கார்கோவ் திரும்பிய பிறகும் அவர் ஓய்வு எடுக்கவில்லை. டாங்கியின் குறைகளைச் சரிசெய்வதிலேயே இருந்தார். நோய் முற்றியது. ஒரு நுரையீரலை அகற்றினார்கள். பலன் இல்லை. 1940 செப்டம்பர் 26-ந் தேதி கோஷ்கின் இறந்தார். அப்போது அவருக்கு வயது 41. மனைவியும் மூன்று மகள்களும் தவித்து நின்றார்கள்.

போர்க்களத்தில்

ஒன்பது மாதம் கழித்து, 1941 ஜூன் 22-ந் தேதி ஜெர்மனி ரஷியா மீது படையெடுத்தது. ஜெர்மானியரின் 37 மில்லி மீட்டர் பீரங்கிக் குண்டுகள் டி-34 டாங்கியின் முன்கவசத்தில் பட்டுத் தெறித்தன.

டி-34 குறை இல்லாத டாங்கி அல்ல. சுழல் கூண்டுக்குள் இடம் நெருக்கடி. தொடக்கத்தில் கியர் பெட்டியும் தொல்லை கொடுத்தது. கோஷ்கினின் உதவியாளராக இருந்து, அவருக்குப் பிறகு பொறுப்பு ஏற்ற அலெக்சாண்டர் மொரோசோவ் குழுவினர் அதைப் படிப்படியாகத் திருத்தினார்கள்.

எதிரி நெருங்கியதால், 1941-ல் கார்கோவ் தொழிற்சாலையே ரெயிலில் ஏற்றப்பட்டு, யூரல் மலைப் பகுதியில் உள்ள நீஷ்னி தாகில் நகருக்குப் போனது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே அங்கிருந்து டாங்கிகள் வெளிவந்தன. போர் முடிவதற்குள் பல தொழிற்சாலைகளில் 50 ஆயிரத்துக்கும் அதிகமான டி-34 டாங்கிகள் தயாராயின. அதைப் பார்த்த ஜெர்மானியர், தங்கள் 'பாந்தர்' டாங்கிக்கும் சாய்ந்த கவசம் வைத்தார்கள்.

சென்னையை அடுத்த ஆவடியில் இந்திய ராணுவத்துக்காகக் கட்டப்பட்ட டி-72 டாங்கி, அதே நீஷ்னி தாகில் தொழிற்சாலையில் உருவானதுதான்.

தாமதமாக வந்த பெருமை

1942-ல் கோஷ்கினுக்கு ஸ்டாலின் பரிசு அறிவிக்கப்பட்டது. வாங்க அவர் இல்லை. போரில் கார்கோவ் நகரம் சின்னாபின்னமானது. அவர் கல்லறையும் அதில் அழிந்துபோனது.

1985-ல் அந்த நகரில் அவருக்கு நினைவுச் சின்னம் வைத்தார்கள். சோவியத் நாட்டின் உயர்ந்த விருதான சோசலிச உழைப்பு வீரர் பட்டம் 1990-ல்தான் வழங்கப்பட்டது. அவர் இறந்து அப்போது 50 ஆண்டுகள் ஆகி இருந்தன.