அமைதிக்கு உழைத்த அன்னை இராமேசுவரி நேரு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி)

போர் என்றதும் படைகளும் பீரங்கிகளும், வென்ற தலைவரும் வீழ்ந்த தலைவரும் நம் நினைவுக்கு வருகின்றனர். போரின் சுமையைத் தாங்கும் பெண்குலம் நினைவுக்கு வருவதில்லை. மகனைப் பறிகொடுப்பவள் தாய். கணவனைப் பறிகொடுப்பவள் மனைவி. ஊரை விட்டு ஓடும்போது கைக்குழந்தையைச் சுமப்பவளும் பெண்ணே. இதை அறிய நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1941 டிசம்பரில் ஜப்பானியர் இரங்கூன் மீது குண்டு வீசினர். கொண்டுவிக்கப் போயிருந்த நம் செட்டிநாட்டாரும், அவர்களிடம் வேலைக்குப் போயிருந்தவர்களும் காடும் மலையும் கடந்து நடந்தே ஊர் திரும்பிய கதைகள் இன்றும் இவ்வட்டாரத்து வீடுகளில் சொல்லப்படுகின்றன.

இத்தகைய துயரம் இனி வேண்டாம் என்று பெண்களே கூடிக் குரல் எழுப்பிய வரலாறு ஒன்று உண்டு. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915ஆம் ஆண்டிலேயே, ஹாலந்து நாட்டின் ஹேக் நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கூடிப் போரை நிறுத்த வழி தேடினர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அணுகுண்டு வந்தது. இவ்வியக்கமும் பன்மடங்கு வளர்ந்தது. அதில் நம் நாட்டின் சார்பில் முன்னின்று உழைத்தவர்களுள் ஒருவர் திருமதி இராமேசுவரி நேரு.

இளமையும் கல்வியும்

இவர் 1886 டிசம்பர் 10ஆம் நாள் லாகூரில், காஷ்மீரப் பண்டிதர் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் ராஜா நரேந்திரநாத், பஞ்சாபில் செல்வாக்கு மிக்கவர். செல்வம் இருந்தும் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. வீட்டிலேயே படித்தார். 1902இல், ஏறத்தாழப் பதினாறு வயதில், பிரிஜ்லால் நேருவுக்கு மணமுடிக்கப்பட்டார். பிரிஜ்லால், மோதிலால் நேருவின் தமையனார் மகன். எனவே ஜவகர்லால் நேருவுக்கு இவர் அண்ணி முறை ஆவார்.

கல்லூரி வாசலை மிதிக்காத இப்பெண்மணி, 1909இல் அலகாபாத்தில் பெண்களுக்கென்றே ‘ஸ்திரீ தர்ப்பண்’ என்னும் இந்தித் திங்கள் இதழைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு! எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். எனக்கு இச்செய்தி பெருவியப்பைத் தந்தது. படிக்க வழியில்லாமல் வளர்ந்தவர், மற்றப் பெண்கள் படிக்க வழி செய்து கொடுத்தார்.

சமுதாயப் பணி

குழந்தை மணத்தின் கேடுகளை ஆராய 1928இல் அரசு ஒரு குழுவை அமைத்தது. அதில் இடம்பெற்ற இந்தியப் பெண்மணி இவரே. அக்குழுவின் அறிக்கையை அடுத்து 1929இல் சாரதா சட்டம் நிறைவேறியது. பெண்ணின் திருமண வயது குறைந்தது 14 என்று ஆயிற்று. சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் போராடியதும் இதே நோக்கத்துக்காகத்தான்.

பின்னர்க் காந்தியடிகளின் அரிசன சேவா சங்கத்தில் துணைத் தலைவராகத் தொண்டாற்றினார். திருவிதாங்கூரில் சுற்றுப்பயணம் செய்து, தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கோயில் கதவு திறக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். 1936 நவம்பர் 12ஆம் நாள் அங்கே ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியாயிற்று. 1942ஆம் ஆண்டுப் போராட்டத்தில் சிறையும் சென்றார்.

பிரிவினை தந்த பாடம்

1947இல் நாடு விடுதலை பெற்றது. உடனே இரண்டாகவும் பிளந்தது. இராமேசுவரி பிறந்த லாகூர் அயல்நாடாயிற்று. இலட்சக்கணக்கான அகதிகள் தில்லியில் வந்து குவிந்தனர். ஆதரவற்ற பெண்களுக்கு உறைவிடமும் தொழிலும் தேடித் தரும் பொறுப்பை, மறுவாழ்வு அமைச்சகத்தின் மகளிர் பிரிவில் ஊதியம் பெறாமல் இவர் ஏற்றார்.

அக்கலவரத்தில் இருபுறமும் பல்லாயிரம் பெண்கள் கடத்தப்பட்டனர். அவர்களைத் தேடி மீட்டு அவரவர் நாட்டுக்கு அனுப்புவது என்று இரு அரசுகளும் உடன்பாடு செய்துகொண்டன. சில ஆண்டுகளில் ஏறத்தாழ 30,000 பெண்கள் மீட்கப்பட்டனர். முதலில் இது நல்ல பணியாகவே தோன்றியது. ஆனால் நாள் செல்லச் செல்ல, மீட்கப்பட்டவர்களுள் சிலர் திரும்பிப் போக மறுத்தனர். புது இடத்தில் குழந்தை பெற்றுக் குடும்பமாகி விட்டவர்கள் அவர்கள். திரும்பினால் பிறந்த வீடு ஏற்குமோ என்று அஞ்சியவர்களும் இருந்தனர். சட்டமோ அவர்களின் விருப்பத்தைக் கேட்கவில்லை.

இந்த இடத்தில்தான் இராமேசுவரியின் உள்ளத் திண்மை வெளிப்படுகிறது. பெண்களை அவர்கள் விருப்பத்துக்கு மாறாக அனுப்புவது மீண்டும் ஒரு கொடுமையே என்று 1949இல் அரசுக்கு எழுதினார். மீட்புப் பணியில் முன்னின்ற மிருதுளா சாராபாய் வேறு கருத்துக் கொண்டிருந்தார். அரசும் கொள்கையை மாற்றவில்லை. பிரதமர் தம் கொழுந்தன் முறையினர் என்று பாராமல், இராமேசுவரி அப்பொறுப்பிலிருந்து விலகினார். இரு அரசுகள் மோதும்போது பெண்ணின் உடலும் வாழ்வும் கணக்குத் தீர்க்கும் பண்டமாகிவிடுவதை அவர் அகதி முகாம்களில் கண்ணாரக் கண்டவர். அவர் பின்னாளில் பேசிய உலக அமைதி, இவ்வனுபவத்தின் மேல் எழுந்தது என்றே நான் கருதுகிறேன்.

அணுகுண்டுக்கு எதிராக

1954 மார்ச் 1ஆம் நாள் பசிபிக் கடலில் பிகினித் தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தது. அணுக்கருப் பிளவையும் பிணைவையும் நாம் வகுப்பில் சமன்பாடாக எழுதிப் பார்க்கிறோம். அந்தச் சமன்பாடு அன்று ஹிரோஷிமா குண்டைப்போல் ஆயிரம் மடங்கு ஆற்றலோடு வெடித்தது. தொலைவில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின்மேல் கதிரியக்கச் சாம்பல் விழுந்தது. 23 மீனவரும் நோயுற்றனர், ஒருவர் சில மாதங்களில் மாண்டார். அடுப்படியில் மீனைச் சமைக்கவே அஞ்சிய தோக்கியோ நகரத்து இல்லத்தரசிகள் கையெழுத்து இயக்கம் தொடங்கினர். மூன்று கோடிக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். நம் பிரதமர் நேருவும் 1954 ஏப்ரல் 2ஆம் நாள் மக்களவையில், சோதனைகளை நிறுத்திவைக்குமாறு வல்லரசுகளைக் கேட்டுக்கொண்டார்.

இச்சூழலில்தான் அறுபத்தெட்டு வயதான இராமேசுவரி அம்மையார், 1955 ஏப்ரல் திங்களில் ஆசிய நாடுகளின் மக்கள் மாநாடு ஒன்றைத் தில்லியில் கூட்டினார். உலகப் பதற்றத்தைத் தணிப்பதே அதன் நோக்கம். அரசுகளின் தலைவர்கள் பாண்டுங் நகரில் கூடுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே, மக்களின் பேராளர்கள் தில்லியில் கூடிவிட்டனர். 1961இல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்க மகளிர் மாநாட்டுக்கு இந்தியக் குழுவைத் தலைமை தாங்கி அழைத்துச் சென்றார். அதே ஆண்டில் லெனின் அமைதிப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அந்நாளில் அவருடைய மகன் பி. கே. நேரு அமெரிக்காவில் இந்தியத் தூதர்! தாய்க்கு மாஸ்கோவின் பரிசு. மகனுக்கு வாஷிங்டனில் பணி.

1962இல் மூதறிஞர் இராஜாஜி தம் 83ஆம் வயதில் கடல் கடந்து சென்று, அணுச் சோதனையை நிறுத்துமாறு கென்னடியிடம் நேரில் வேண்டினார். அப்போதும் அங்கே தூதராக இருந்தவர் இராமேசுவரியின் மகனே. இராஜாஜி பிறந்த நாளும் டிசம்பர் 10 என்பது இனிய பொருத்தம்.

குறையும் நிறையும்

அம்மையார் சார்ந்திருந்த அமைதி இயக்கம் சோவியத் பக்கம் சாய்ந்தது என்று குறை கூறியவர் உண்டு. இதை முற்றிலும் ஒதுக்கிவிட இயலாது. 1956இல் சோவியத் படை ஹங்கேரிக்குள் புகுந்தபோது, உலக அமைதிக் கழகம் ஒரே குரலில் கண்டிக்க முடியாமல் தடுமாறியது. அவருடைய மருமகள் பிறந்த நாடோ அந்த ஹங்கேரி! 1962இல் சீனப் படை நம் எல்லைக்குள் வந்தபோது, ஆசிய ஒற்றுமை என்னும் கனவும் காயமுற்றது. ஆனால் கனவு காயமுற்றதால் அது பொய்யாகிவிடுமா? 1963 ஆகஸ்ட் 5ஆம் நாள் காற்றிலும் கடலிலும் விண்வெளியிலும் அணுச் சோதனையைத் தடை செய்யும் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இந்தியாவும் அதில் சேர்ந்தது. நிலத்தடிச் சோதனைகள் தொடர்ந்தன என்பது உண்மையே. எனினும் குழந்தைகளின் பாலில் கதிரியக்கம் கலப்பது குறைந்தது. உலகெங்கும் தாய்மார்கள் எழுப்பிய குரலுக்கு இவ்வெற்றியில் பங்குண்டு.

இராமேசுவரி நேரு 1966 நவம்பர் 8ஆம் நாள் இயற்கை எய்தினார். அதன் பின் 1974இலும் 1998இலும் பொக்ரானில் நம் நாடே அணுவெடிப்பு நிகழ்த்தியது. இன்று ஒன்பது நாடுகளிடம் ஏறத்தாழ 12,000 அணுகுண்டுகள் உள்ளன. 2017இல் ஐ.நா. அவையில் அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் உருவாயிற்று; அவற்றை வைத்திருக்கும் நாடு ஒன்றும் அதில் சேரவில்லை.

அன்பு மாணவ மாணவியரே! அம்மையார் விட்டுச்சென்ற பணி முடியவில்லை. சிறுமியின் திருமணத்தைத் தடுத்ததும், கோயில் கதவைத் தட்டியதும், அகதிப் பெண்ணின் விருப்பத்தைக் கேட்கச் சொன்னதும், அணுகுண்டை எதிர்த்ததும் அவருக்கு வெவ்வேறு பணிகள் அல்ல. எளியவரை வலியவர் நசுக்கலாகாது என்னும் ஒன்றே அவை அனைத்துக்கும் அடிப்படை. அணுவின் ஆற்றலைக் கணக்கிடக் கற்கும் நாம், அது யார் தலையில் விழும் என்பதையும் கேட்கக் கற்போம்.

வாழ்க அன்னையின் புகழ்! ஓங்குக உலக அமைதி!