ரெண்டு வருஷம் முன்னேற்றமே இல்லை... ஆனாலும் விடலை! ரூஸ்வெல்ட்டின் ஃபிட்னஸ் கதை

ஜிம்முல சேர்ந்து மூணு வாரம் ஆச்சு. கண்ணாடி முன்னாடி நின்னு பார்க்குறீங்க, ஒரு மாற்றமும் தெரியலை. நாலாவது வாரம் மழை, அஞ்சாவது வாரம் சொந்தக்காரங்க கல்யாணம், அதுக்கப்புறம் ஷூ கட்டிலுக்கு அடியில் போயிடுது. உங்க கதையும் இதுதான்னா, அமெரிக்காவின் 26-வது அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டை நீங்க அவசியம் தெரிஞ்சுக்கணும். டெடி பியர் பொம்மைக்குப் பெயர் வந்ததே இவரால்தான். (போலியோ பாதிப்போடு அதிபரான ஃப்ராங்ளின் ரூஸ்வெல்ட் வேறு. அவர் இவருக்குத் தூரத்துச் சொந்தம்.)

1858-ல் நியூயார்க்கில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். பணத்துக்குப் பஞ்சமில்லை, மூச்சுக்குத்தான் பஞ்சம். கடுமையான ஆஸ்துமா. ராத்திரியில் திணறும்போதெல்லாம் அப்பா அவரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடப்பார். சில நாள் குதிரை வண்டியில் ஏற்றி, காற்று படட்டும் என்று தெருத்தெருவாகச் சுற்றுவார். வைத்தியம் என்ன தெரியுமா? கடும் காபியும் சுருட்டுப் புகையும். அதுவும் சின்னப் பையனுக்கு!

பையனுக்கு 11, 12 வயசு இருக்கும்போது அப்பா உட்காரவைத்துப் பேசினார். புத்தி நல்லா இருக்கு, உடம்புதான் இல்லை, அதை நீயேதான் உருவாக்கிக்கணும் என்பதுதான் சாராம்சம். பையன் தினமும் ஜிம்முக்குப் போனான். பிறகு வீட்டு மாடி வராண்டாவையே அப்பா ஜிம்மாக மாற்றிக் கொடுத்தார்.

ஆனால், உடம்பு உடனே மாறிடலை. சில வருஷம் கழித்து, ஆஸ்துமாவுக்கு இடமாற்றம் வேண்டும் என்று மெய்ன் மாநிலத்தின் மூஸ்ஹெட் ஏரிக்குத் தனியாக அனுப்பினார்கள். குதிரை வண்டியில் கூட வந்த ரெண்டு பசங்க வம்பிழுத்தார்கள். திருப்பி அடிக்கப் போனால், ஒருத்தனே போதும், வலிக்காமல் பிடித்து நிறுத்திவிட்டான். அடி வாங்கியிருந்தால்கூட அவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

ஊர் திரும்பியதும் ஜான் லாங் என்ற முன்னாள் குத்துச்சண்டை வீரரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். இங்கேதான் நீங்க கவனிக்கணும். அவமானத்தில் வந்த வேகம் எத்தனை நாள் தாங்கும்? ஒரு மாசம் தாங்கினாலே பெரிசு. ரூஸ்வெல்ட்டோ மந்தமான மாணவர். கண்ணுக்குத் தெரிகிற முன்னேற்றம் வரவே ரெண்டு, மூணு வருஷம் ஆனது என்று பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார். அத்தனை நாளும் போய்க்கொண்டே இருந்தார்.

நடுவில் லாங் தன் மாணவர்களுக்கு ஒரு போட்டி வைத்தார். ரூஸ்வெல்ட்டுக்கு எதிரே வந்தவர்கள் அவரைவிட நோஞ்சான்கள்! ஜெயித்துவிட்டார். பரிசு, அரை டாலர் பெறுமானமுள்ள ஓர் ஈயக் கோப்பை. அதைப் பல வருஷம் பத்திரமாக வைத்துப் பெருமையடித்துக்கொண்டிருந்தார். 1906-ல் நோபல் அமைதிப் பரிசே வாங்கிய மனுஷன், 1913-ல் வெளிவந்த சுயசரிதையில், அந்தக் கோப்பை இப்போது எங்கே இருக்கிறதோ என்று ஏங்கியிருக்கிறார். சின்ன வெற்றி என்று நாம் சிரிக்கலாம், அவர் சிரிக்கவில்லை.

1880-ல் ஹார்வர்டு டாக்டர், இதயம் பலவீனம், மாடிப்படி ஏறுவதைக்கூடத் தவிர்க்கச் சொன்னார். மறு வருஷமே ரூஸ்வெல்ட் ஆல்ப்ஸின் மேட்டர்ஹார்ன் சிகரத்தில் ஏறிவிட்டார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவரைக் காப்பியடிக்காதீங்க ப்ளீஸ்.

1884 பிப்ரவரி 14. ஒரே நாளில், ஒரே வீட்டில் அம்மாவும் இறந்தார், மனைவியும் இறந்தார். குழந்தை பிறந்து ரெண்டு நாள்தான் ஆகியிருந்தது. மனசு உடைந்து டகோட்டா புல்வெளிக்குப் போனவர், மாடு மேய்த்து, குதிரையிலேயே நாளைக் கழித்தார். திரும்பி வந்தபோது ஆளே அகலமாகியிருந்தார்.

வெள்ளை மாளிகையிலும் நிறுத்தவில்லை. டென்னிஸ், குத்துச்சண்டை, ஜப்பானிலிருந்து வந்த யமஷிதாவிடம் ஜூடோ. நண்பர்களைக் கூட்டிக்கொண்டு ராக் க்ரீக் பகுதியில் நடப்பார். நேர்கோட்டில்தான் போகணும், பாறை வந்தால் ஏறணும், ஓடை வந்தால் நீந்தணும், சுற்றிப் போகக் கூடாது. கூட வர நாலு பேர் காத்திருந்தால், இன்னிக்கு வேண்டாம்னு படுத்துக்க முடியுமா சொல்லுங்க? ஒரு குத்தில் இடது கண் பார்வை போனதும் குத்துச்சண்டையை விட்டார், மற்றதை விடவில்லை. ராணுவ அதிகாரிகள் 3 நாளில் 90 மைல் குதிரை ஓட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டபோது முணுமுணுப்பு எழுந்தது. 1909 ஜனவரியில், 50 வயதில், அதைவிட அதிகத் தூரத்தை ஒரே நாளில் பனிமழையில் ஓட்டிக் காட்டினார்.

இவ்வளவு செய்தும் எடை ஏறாமல் இல்லை, நன்றாகவே குண்டானார். 1914-ல் பிரேசில் காட்டில் ஓர் ஆற்றைத் தேடிப் போய், மலேரியாவும் காலில் சீழ்ப்புண்ணுமாகக் கிடந்து பிழைத்தார். பழைய பலம் அதற்குப் பிறகு முழுசாகத் திரும்பவில்லை. 1917-ல் மறுபடியும் எடை கூடிவிட்டது என்று, கனெக்டிகட்டில் ஜாக் கூப்பர் நடத்திய உடற்பயிற்சிப் பண்ணையில் போய்ச் சேர்ந்தார். அடுத்த ஒன்றே கால் வருஷத்தில், 1919 ஜனவரி 6 அன்று, தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 60.