துடுப்பும் துலாக்கோலும்

சிலாபத்துக்கு வடக்கே, ஒரு புறம் கடலும் மறு புறம் முந்தல் களப்புமாக, நடுவே நீண்டு கிடக்கும் மணற்றரையில் அமைந்தது எங்கள் உடப்புக் கிராமம். ஆடி மாதம் வந்துவிட்டால் திரௌபதை அம்மன் கோயிலில் பாரதம் படிக்கப்படும். பதினெட்டு நாள் விழா, இறுதியில் தீமிதிப்பு. கதை ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததே. ஆயினும் துகிலுரிதல் படிக்கப்படும் இரவில், முதன்முறை கேட்பவர் போலத் தாய்மார் கண்ணீர் விடுவர்.

1953 ஆம் ஆண்டில், ஆடி பிறப்பதற்கு முன்னரே, வேறொரு கதை எங்கள் கரைக்கு வந்து சேர்ந்தது. அதன் முடிவு மட்டும் எவருக்கும் தெரியாது. கொழும்பிலிருந்து புறப்படும் புத்தளப் புகைவண்டி பத்துளுஓயாவில் இறக்கிச் செல்லும் பத்திரிகைக் கட்டு, அங்கிருந்து சைக்கிளில் எங்கள் ஊருக்கு வரும். எனக்கு அப்போது பத்து வயது. எழுத்துக் கூட்டாமல் வாசிக்கத் தெரிந்த சிறுவன் என்பதனால், கரைவலைச் சம்மாட்டி ஒருவரின் வாடியில் மாலைதோறும் பத்திரிகையை உரத்து வாசிக்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. நான் வாசித்தது சதாசிவம் வழக்கு.

அந்த மனிதரின் வாழ்க்கையைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன். வழக்கை எழுதியவர் பலர். வாழ்க்கையை எழுதியவர் சிலரே. வழக்குக்கு முன்னும் அவருக்கு ஒரு வாழ்வு இருந்தது, பின்னும் இருந்தது.

மகாதேவா சதாசிவம் 1915 ஆம் ஆண்டு அக்டோபர் 18 ஆம் நாள் பிறந்தவர். கொழும்பு வெஸ்லி கல்லூரியில் பயின்ற காலத்திலேயே அவருடைய துடுப்பாட்டம் பேசப்படலாயிற்று. பின்னர் தமிழ் யூனியன் கழகத்தில் சேர்ந்து ஆடினார். 1945 இல் இலங்கைக்கு வந்த இந்திய அணியை எதிர்த்து 111 ஓட்டங்கள் எடுத்தார். 1947 இல் சென்னைச் சேப்பாக்கம் மைதானத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக அவர் குவித்த 215 ஓட்டங்களைப் பற்றி, அதைக் கண்ட சென்னை மக்கள் நெடுங்காலம் பேசி மகிழ்ந்தனர். பந்தை வலிந்து அடிப்பவரல்லர் அவர். வந்த பந்தை அது போக விரும்பிய திசையிலேயே மெல்லத் திருப்பி அனுப்பிவிடுபவர் என்பது கண்டவர் கூற்று. மணிக்கட்டின் ஓர் அசைவில் பந்து எல்லையைத் தொட்டுவிடுமாம்.

1948 மார்ச்சில் டொனால்ட் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்குச் செல்லும் வழியில் கொழும்பு ஓவல் மைதானத்தில் ஒரு நாள் ஆடிச் சென்றது. அன்று இலங்கை அணியின் தலைவர் சதாசிவமே. ஆடுகளம் 22 யார் நீளம் இருக்க வேண்டியதற்கு மாறாக 20 யாராக அளந்து அமைக்கப்பட்டிருந்ததை ஆட்டத்தின் நடுவே பிராட்மன் கண்டுபிடித்தார் என்பது கிரிக்கட் வரலாற்றின் வேடிக்கைச் செய்திகளுள் ஒன்று. நாடு சுதந்திரம் பெற்று இரண்டு மாதங்கள்கூட நிறைவுறாத காலம் அது. 1950 இல் கொமன்வெல்த் அணியை எதிர்த்து அவர் 96 ஓட்டங்கள் எடுத்தார். அந்நாளில் இலங்கைக்கு டெஸ்ட் தகுதி இல்லை. உலகப் பட்டியல்களில் அவர் பெயர் இடம்பெறாமைக்கு அதுவே காரணம், திறமையில் குறைவன்று.

இல்வாழ்வில் அவர் அத்தகைய வெற்றி காணவில்லை. மனைவி ஆனந்தம் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். நான்கு பெண்மக்கள். கணவர் வேறொரு பெண்ணுடன் பழகியமையால் இல்லறம் முறிந்து, 1951 இல் மனைவி விவாகரத்துக் கோரி வழக்குத் தொடுத்திருந்தார்.

அவ்வாண்டு அக்டோபர் 9 ஆம் நாள், பம்பலப்பிட்டியிலுள்ள அவர்களது இல்லத்தின் மோட்டார்க் கொட்டகையில் ஆனந்தம் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்து கிடந்தார். வேலைக்கு அமர்த்தப்பட்டுச் சில நாட்களே ஆகியிருந்த இளைஞன் ஒருவன் வீட்டிலிருந்து மறைந்திருந்தான். சதாசிவம் கைதாகி விளக்கமறியலில் வைக்கப்பட்டார். பின்னர் அகப்பட்ட அந்த வேலையாள், எசமானுக்குத் தான் உதவியதாக வாக்குமூலம் அளித்தான். அவனுக்கு நிபந்தனையுடன் மன்னிப்பு வழங்கி, முடிக்குரிய சாட்சியாக நிறுத்தினர். சதாசிவம் ஏறத்தாழ 20 மாதங்கள் சிறையிலிருந்தார்.

வழக்கின் உயிர்நிலை ஒரே ஒரு வினா: ஆனந்தம் எத்தனை மணிக்கு இறந்தார்? சதாசிவம் அன்று காலை பத்தரை மணியளவில் டாக்சி ஒன்றில் ஏறி வீட்டை விட்டுப் புறப்பட்டுவிட்டார். இறப்பு அதற்கு முன்னரெனில் சந்தேகம் அவர் மீது; பின்னரெனில் அவர் மீதன்று. கொழும்பின் சட்ட வைத்தியப் பேராசிரியர் டி சேரம், உடலின் வெப்பநிலையைக் கொண்டு கணித்த காலம் அரச தரப்புக்குத் துணையாயிற்று. எதிரிக்காக வாதாடிய அப்புக்காத்து கொல்வின் ஆர். டி சில்வா, எடின்பரோவிலிருந்து சேர் சிட்னி ஸ்மித்தை வரவழைத்தார். எகிப்தில் 1924 இல் சேர் லீ ஸ்டாக் கொலையுண்டபோது துப்பாக்கிக் குண்டுகளை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற நிபுணர் அவர். இறப்பு நேரத்தை அத்துணை நுட்பமாக வரையறுக்க இயலாது என்றும், வேலையாள் கூறிய வரலாறு உடலிற் காணப்பட்ட அடையாளங்களோடு பொருந்தவில்லை என்றும் அவர் எடுத்துரைத்தார். இந்த விவாதம் வழக்கோடு முடிந்துவிடவில்லை. தூக்கிலிடப்பட்ட கைதிகளின் உடல்கள் எவ்வளவு நேரத்தில் குளிர்கின்றன என அளந்து டி சேரமும் அவர்தம் துணைவரும் 1955 இல் வெளியிட்ட ஆய்வை உலகச் சட்ட மருத்துவர்கள் பின்னரும் எடுத்தாண்டனர்.

நீதியரசர் கிரேஷன் முன்னிலையில், ஏழு யூரர்கள் அமர, 57 நாட்கள் விசாரணை நடந்தது. புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளே இடம் பிடிக்க மக்கள் முண்டியடித்தனர் என்று பத்திரிகையில் வாசித்தேன். அந்தக் கூட்டத்தின் ஒரு கிளை எங்கள் வாடியிலும் கூடியது.

சித்திரை வரை கேட்போர் குறைவு, வலையிழுப்பு மும்முரம். வைகாசியில் தென்மேற்குப் பருவக்காற்று எழுந்து கடல் கொந்தளிக்கத் தொடங்கியதும், சிலர் முல்லைத்தீவுக் கரைக்குத் தொழிலுக்குப் போயினர். எஞ்சியோர் வாடிக்கு வந்தனர். தோணி கட்டும் கயிறு முறுக்கிக்கொண்டே கேட்பர். உடல் வெப்பநிலை பற்றியும், வயிற்றிலிருந்த உணவு எவ்வளவு செரித்திருந்தது என்பது பற்றியும், பள்ளிக்கூட வாசலை மிதியாதவர்கள் தர்க்கம் செய்தனர். இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. மீனின் கண்ணைப் பார்த்து அது பிடிபட்ட நேரத்தைச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். பேராசிரியர்களின் வாதம் அவர்களுக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

பந்தயமும் தொடங்கியது. சுருட்டுக் கட்டு, தேங்காய், சில வேளை காசு. வாடியின் நடுக்காலில் கரித்துண்டினால் இரு வரிசை கீறி, குற்றவாளி என்போர் ஒரு புறம், நிரபராதி என்போர் மறு புறம் எனக் கோடிட்டு வந்தவன் நானே. ஒவ்வொரு நாளும் வாசித்து முடிந்ததும் கட்சி மாறுவோர் உண்டு. அவர்களுக்காகப் பழைய கோட்டை அழித்துப் புதிய கோடு கீறுவேன். அந்த அதிகாரம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வாசிக்கையில், ஆவலைத் தூண்டும் இடத்தில் நிறுத்தி, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் தொடரும் தந்திரத்தையும் கற்றுக்கொண்டேன். சுவையில்லாத பகுதிகளை விட்டுவிடுவேன். இலக்கியக் கழகத்து அன்பர்கள் என் வாசிப்பைப் பிற்காலத்தில் பாராட்டியபோதெல்லாம், அக்கலையை எங்கே பயின்றேன் என்பதைச் சொல்ல எனக்கு நாவெழவில்லை.

ஒரு நாள் இரவு, உண்ணும்போது, நான் வழக்கைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். என் தாயார் இடைமறித்து, அந்த நான்கு பிள்ளைகளும் இப்போது யாரிடம் இருக்கிறார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வீட்டின் அமைப்பை நான் அறிவேன். டாக்சி புறப்பட்ட நேரத்தை அறிவேன். பிள்ளைகளைப் பற்றி நினைத்துப் பார்க்கவில்லை. அவர்களுக்கும் என்னைப் போல வயது இருக்கும், அவர்களும் எழுத்துக் கூட்டிப் பத்திரிகை வாசிக்கக்கூடும் என்பது அன்றுதான் மனத்திற் பட்டது. மறுநாளும் வாடிக்குப் போனேன், வாசித்தேன், கோடும் கீறினேன். ஆனால் பழைய மகிழ்ச்சி இல்லை.

1953 ஜூன் 25 ஆம் நாள் யூரர்கள் ஒருமனதாகத் தீர்ப்புக் கூறினர். சதாசிவம் நிரபராதியென விடுதலையானார். வென்றவர்கள் சுருட்டுக் கட்டுகளை வாங்கிக்கொண்டனர். தோற்றவர்கள் தீர்ப்பை ஏற்கவில்லை. அப்புக்காத்தின் சாதுரியம் என்றனர், வேறு பலவும் சொல்லினர். 57 நாட்கள் சாட்சிகளை நேரே கேட்ட ஏழு பேரும் ஒரே முடிவுக்கு வந்தனர். பத்திரிகையில் பாதி கேட்டவர்களுக்கு அது போதவில்லை. நீதிமன்றத்தின் துலாக்கோலுக்கு நிறுத்தும் நாள் ஒன்று உண்டு. வாடியின் துலாக்கோல் ஆடிக்கொண்டே இருந்தது.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய குணமன்று. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று, 1947 இல் விடுதலையான எம். கே. தியாகராஜ பாகவதரைத் தமிழுலகம் அறியும். சட்டம் அவரை மீட்டது. பழைய ரசிகர் கூட்டம் மீளவில்லை. வழக்குக்கு முன் வந்த ‘ஹரிதாஸ்’ பெற்ற வெற்றியைப் பின்னர் வந்த அவருடைய படங்களுள் ஒன்றும் பெறவில்லை. ஒருவரை உயர்த்திவைத்த கூட்டமே அவர் விழுவதைக் காணவும் முன்வரிசையில் வந்து அமர்கிறது.

எங்கள் வாடியிலோ பேச்சு விரைவில் மாறிற்று. ஜூலையில் அரிசி விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியது. ஓகஸ்ட் 12 இல் நாடெங்கும் ஹர்த்தால். அதனை முன்னின்று நடத்திய இடதுசாரித் தலைவர்களுள் கொல்வினும் ஒருவர். நேற்றுவரை அவரை அப்புக்காத்தாகக் கண்டவர்கள் இன்று அரிசிக்காகப் போராடுபவராகக் கண்டனர். காலில் கீறிய கரிக்கோடுகள் மழைச்சாரலில் அழிந்தன.

சதாசிவத்தின் வாழ்க்கை அதன் பின்னரும் தொடர்ந்தது. மறுமணம் செய்துகொண்டார். கடல் கடந்து சிங்கப்பூரிலும் மலாயாவிலும் வாழ்ந்து, அவ்விரு நாட்டு அணிகளுக்கும் தலைமை தாங்கி ஆடினார். இலங்கை, சிங்கப்பூர், மலாயா என மூன்று நாட்டு அணிகளின் தலைவராக விளங்கிய பெருமை மிகச் சிலருக்கே வாய்க்கும். பின்னர் தாயகம் திரும்பி, 1977 ஜூலை 9 ஆம் நாள் கொழும்பில் காலமானார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1982 பெப்ரவரியில், இலங்கையின் முதலாவது டெஸ்ட் ஆட்டம் நடந்தது. 1948 இல் அவர் பிராட்மனோடு நின்ற அதே ஓவல் மைதானமே அதற்குக் களமாயிற்று. அதைக் காண அவர் இல்லை.

அவர் மறைந்த செய்தி வந்த நாளில் நான் ஒரு பாடசாலையில் ஆசிரியன். ஆசிரியர் அறையில் பத்திரிகையை விரித்ததும் முதலில் எழுந்த வினா, உண்மையில் கொலை செய்தவர் அவர்தானா என்பதே. அதைக் கேட்டவன் வேறு எவருமல்லன்; நானே. ஒரு வாழ்நாள் ஆடிய மனிதரைப் பற்றி, 24 ஆண்டுகளுக்கு முன் யூரர்கள் விடையளித்து முடித்த வினாவைத் தவிர வேறொன்றும் என் நாவில் வரவில்லை. தாயாரின் வினா அதன் பின்னரே நினைவுக்கு வந்தது. நெடுநேரம் பத்திரிகையை மடித்தபடி இருந்தேன்.

இவ்வழக்கைச் சிட்னி ஸ்மித் 1959 இல் தம் நினைவுநூலில் எழுதினார். பேராசிரியர் ரவீந்திர பெர்னாண்டோ 2006 இல் தனி நூலே எழுதினார். ஆனந்தத்தின் இறப்புக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. அப்புக்காத்தின் திறமையும், நிபுணரின் நுட்பமும், ஆட்டக்காரரின் மணிக்கட்டும் நினைவிலிருக்கின்றன. ஆனந்தம் எப்படி இறந்தார் என்று பக்கம் பக்கமாகச் சொல்லக்கூடியவர்களுக்கும், அவர் எப்படி வாழ்ந்தார் என்று ஒரு வரி சொல்லத் தெரியாது. எனக்கும் தெரியாது.

அவ்வாண்டு ஆடியில், துகிலுரிதல் படித்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. துச்சாதனன் மீது ஊரே சினங்கொண்டது. என் கண்ணோ முதன்முறையாக அவையில் அமர்ந்திருந்தவர்கள் மீது சென்றது. அவர்கள் கை நீட்டி எந்தத் தீங்கும் செய்யவில்லை. அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவே. கேட்டுக்கொண்டிருந்த தாய்மார் வழக்கம்போல் அழுதனர். என் விரல்களில் கரி இருக்கிறதா என்று விளக்கொளியில் பார்த்துக்கொண்டேன்.